சுமை வாங்காத தூண்

கட்டமைப்புப் பொறியாளர் உரிமத் தேர்வில் நான் தேறிய அதே நாளில் பிரிசில்லா அக்கா மூன்றாவது முறையாகத் தோற்றார். இரண்டு முடிவுகளும் ஒரே நேரத்தில்தான் வந்தன. தூத்துக்குடி மாவட்ட நூலகத்தில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். என் தொலைபேசியில் வந்ததைப் பார்த்துவிட்டு நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் தன் தொலைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"திரவியம் தம்பி, வீட்டுக்குப் போன் பண்ணிச் சொல்லுங்க. மொத ஆளா அவங்களுக்குத் தெரியணும்லா."

"உங்களுக்கு என்னக்கா?"

"ரெண்டாவது தாள்ல அறுபத்தாறு. நாலு மார்க்கு."

அவ்வளவுதான் சொன்னார். பிறகு மேசையில் கிடந்த தாள்களை அடுக்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்கு வேலைக்குப் போனார்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிரிசில்லா கொரைராவுக்கு அப்போது நாற்பத்தேழு வயது. துறைமுகச் சாலையில் இருக்கும் காங்கிரீட் பரிசோதனைக் கூடத்தில் இருபத்திரண்டு வருடமாக வேலை. கட்டடங்களிலிருந்து வரும் காங்கிரீட் கட்டிகளை இயந்திரத்தில் வைத்து நசுக்கி, எத்தனை சுமையில் உடைகிறது என்று குறிப்பது அவர் வேலை. அந்தக் குறிப்புகள் நேராகத் துலா என்ற அரசுக் கணினிக்குப் போகும். மாநிலத்தின் எல்லாக் கட்டடங்களையும் வடிவமைப்பதும், கட்டிய பிறகு அவற்றில் ஒட்டியிருக்கும் சென்சார்களை மணிக்கு ஒருமுறை கேட்டுக் கண்காணிப்பதும் துலாதான். ஒரு மனிதர் ஒரு வருடத்தில் போடும் கணக்கை அது டீ ஆறுவதற்குள் போட்டுவிடும். ஆனால் சட்டத்தில் ஒரு வரி மட்டும் மாறாமல் இருந்தது. எந்தக் கட்டடமானாலும் அதற்கு ஒரு மனிதர் கையெழுத்துப் போட வேண்டும். அது நிற்கும் வரை அவரே அதற்குப் பொறுப்பு. அந்தக் கையெழுத்துக்கான உரிமத்துக்குத்தான் இந்தத் தேர்வு.

தேர்வுக்கு விண்ணப்பிப்பதே ஒரு தேர்வு. நாற்பத்தொரு பக்கத்துக்கு அனுபவப் பதிவேடு எழுத வேண்டும். ஒவ்வொரு பக்கத்திலும் மேற்பார்வையிட்ட பொறியாளரின் கையெழுத்து வேண்டும். அக்கா முதன்முறை அனுப்பியது திரும்பி வந்தது. காரணம், மேற்பார்வையாளர் என்ற இடத்தில் அவர் உண்மையை எழுதியிருந்தார்: துலா. ஆய்வுக்கூடத்தில் அவர் வேலையைச் சரிபார்க்க வேறு யாரும் இருந்ததில்லை.

"மனுசங்கதான் கையெழுத்துப் போடணும்னாங்க. சரி, மனுசங்களத் தேடிப் போனேன்" என்பார்.

தேடித்தான் போனார். உரிமம் பெற்ற மூன்று பேரைக் கண்டுபிடித்து, ஆறு வருடம், ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் அவர்களோடு வேலைக்குப் போனார். மீன்பிடித் துறைமுகங்களின் பாலங்களுக்கு அடியில் இடுப்பளவு தண்ணீரில் நின்று தூண்களைத் தட்டிப் பார்த்து, எழுதிக் கையெழுத்து வாங்கினார். உப்புத் தண்ணீர் பட்டு ஓரம் சுருண்டுபோன அந்தப் பதிவேட்டை நான் பார்த்திருக்கிறேன்.

படித்த விதமும் அப்படித்தான். முதல் தாள் முழுவதும் கைக்கணக்கு. துலா வந்த பிறகு கையால் கணக்குப் போட யாருக்கும் வராது. அக்கா நூலகம் திறக்கும் எட்டு மணிக்கு வந்து, வேலைக்குப் போகுமுன் தூணும் உத்தரமும் சேர்ந்த இரண்டு சட்டகங்களுக்குக் கணக்குப் போட்டு முடிப்பார். எண்ணைத் தொடுவதற்கு முன்னால், சுமை ஏறினால் அது எப்படி வளையும் என்று படம் வரைவார். நான் நேரே சூத்திரத்துக்குப் போவேன். ஒருநாள் என் தாளைப் பார்த்துவிட்டு, "விடை சரியாத்தான் இருக்கு. ஆனா இந்த பீம் மேல்பக்கமா வளையுதுன்னு எழுதியிருக்கீங்க, சுமை கீழ இழுக்குது. எங்கயோ ரெண்டு தப்பு சேந்து சரியாயிருக்கு, பாருங்க" என்றார். பார்த்தேன். இரண்டு தப்பு இருந்தது. படகு எஞ்சின் பழுது பார்க்கும் அவர் கணவர் கிளாரன்ஸ் மூங்கில் குச்சிகளில் சின்னச் சின்னச் சட்டகங்கள் செய்து கொடுப்பார். அக்கா அதில் நட்டுகளைத் தொங்கவிட்டு வளைவதைப் பார்ப்பார்.

அப்படிப்பட்டவர் நான்கு மதிப்பெண்ணில் தோற்றதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

விடைத்தாள் நகல் கேட்டு மனுப் போட்டிருந்தார். மூன்று வாரத்தில் வந்தது. நூலகத்துக்குக் கொண்டுவந்து என் முன்னால் விரித்தார். முதல் தாளில் தொண்ணூற்றொன்று. இரண்டாவது தாளுக்குத் தீர்ப்புத் தாள் என்று பெயர். பத்துக் கட்டடங்களின் வரைபடம், புகைப்படம், சென்சார் அளவுகள் எல்லாம் கொடுத்திருப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்றில் ஒரு தீர்ப்பைச் சொல்லிக் காரணம் எழுத வேண்டும்: நிற்கலாம், பழுது பார்க்க வேண்டும், காலி செய்ய வேண்டும். பெயரோ ஊரோ இருக்காது. அக்காவுக்கு ஏழாவது கேள்வியில் பூஜ்யம் போட்டிருந்தார்கள். அவர் எழுதியது, காலி செய்ய வேண்டும். சரியான விடை என்று அச்சிட்டிருந்தது, நிற்கலாம்.

"நீங்க என்ன எழுதுனீங்க?" என்று கேட்டார்.

"நிற்கலாம்னுதான்" என்றேன். "எல்லா அளவும் எல்லைக்குள்ளதானேக்கா இருந்துச்சு? அந்தப் பதினாலாம் நம்பர் தூண்ல சுமையே கொஞ்சந்தான்."

"அதேதான் தம்பி. ஏன் கொஞ்சமா இருக்கு?"

அவர் சென்சார் அட்டவணையில் விரலை வைத்தார்.

"மணிவாரியா குடுத்திருக்காங்க. காலைல எட்டு மணிக்கு எல்லா பில்லர்லயும் சுமை ஏறுது பாருங்க. சாயங்காலம் அஞ்சரைக்கு எறங்குது. மேல ஏதோ ஷிப்ட் நடக்குது. மிஷின் ஓடுது, ஆளுங்க இருக்காங்க. பதினாலு மட்டும் எட்டு மணிக்கும் சும்மா இருக்கு, மத்தியானமும் சும்மா இருக்கு. பக்கத்துல பதிமூணும் பதினஞ்சும் ஆறு மாசமா கொஞ்சங்கொஞ்சமாக் கூடிக்கிட்டே போகுது."

"அப்படின்னா?"

"சென்சார் பில்லரோட மேல்தோல்ல ஒட்டியிருக்கு. உள்ள கம்பி துருப்பிடிச்சு ஊதி, அந்தத் தோல் கழண்டு தனியா நிக்குது. தோலுக்கு ஒரு சுமையும் இல்ல. துலா அதக் கேட்டுட்டு இந்தப் பில்லர் சொகமா இருக்குங்குது. உள்ள இருக்கிறது சுமையத் தாங்க முடியாம பக்கத்துக்குத் தள்ளிக்கிட்டிருக்கு."

நான் அட்டவணையையே பார்த்துக்கொண்டிருந்தேன். தேர்வறையில் அதே எண்களைத்தான் நானும் பார்த்தேன். எல்லைக்குள் இருக்கிறதா என்று மட்டும் சரிபார்த்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன்.

"மேல்முறையீடு பண்ணுங்கக்கா."

"பண்ணலாம். அதுக்கு முன்னாடி, இது கற்பனைக் கட்டடமா நெசக் கட்டடமான்னு தெரியணும். எனக்கு அதான் ரெண்டு நாளா மனசுல ஓடுது."

அதற்குப் பதில் எனக்குத்தான் முதலில் கிடைத்தது. அடுத்த வாரம் உரிமம் வாங்க மதுரைக்குப் போனேன். உரிம வாரியத்தின் துணைக் கட்டுப்பாட்டாளர் இலட்சுமிகாந்தன், மெலிந்த, பொறுமையான மனிதர். உறுதிமொழி வாங்கிக்கொண்டு என் உரிமக் கணக்கைத் திரையில் திறந்து காட்டினார். கையொப்பமிட்ட கட்டடங்கள் என்ற தலைப்பின் கீழ் ஏற்கெனவே பத்து முகவரிகள் இருந்தன.

"சார், நான் இன்னும் எதுலயும் கையெழுத்துப் போடலையே."

"தீர்ப்புத் தாள்ல போட்டீங்களே" என்றார். "விண்ணப்பத்துல பதினேழாவது நிபந்தனை. யாரும் படிக்கிறதில்ல."

அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"துலாவுக்கே சந்தேகம் வர்ற கட்டடங்கள் இருக்கு. அதை மனுஷங்கதான் தீர்மானிக்கணும்னு சட்டம். உரிமம் வச்சிருக்கிறவங்க மாநிலத்துக்கே இருநூத்திச் சொச்சம் பேர். சந்தேகக் கட்டடம் ஆயிரக்கணக்குல வருது. எங்க போறது? தேர்வு எழுதறவங்க கிட்டக் குடுத்தோம். ஒவ்வொரு மையத்துக்கும் வேற வேற பத்துக் கட்டடம்."

"சரியான விடைன்னு போட்டிருக்கே. அதை யார் சொன்னது?"

"யாருக்குத் தெரியும்? தெரிஞ்சா ஏன் கேக்கறோம்? அதிகம் பேர் எழுதினது சரியான விடை. அரசிதழ்லயே இருக்கு. உங்க மையத்துல நூத்தி நாப்பது பேர். ஏழாவது கேள்விக்கு நூத்தி முப்பத்தொரு பேர் ஒரே மாதிரி எழுதியிருக்கீங்க. தேறின பத்தொன்பது பேரும் அதுக்குக் கூட்டுப் பொறுப்பு."

"ஒரு வேளை நாங்க எழுதினது தப்புன்னா?"

"நீங்க உரிமதாரர். எப்ப வேணா தீர்ப்பை மாத்தலாம். உடனே அமலாகும்." கொஞ்சம் தயங்கினார். "ஆனா மாத்தினா அந்தக் கேள்விக்கான மதிப்பெண் போயிடும். உங்களுக்கு எவ்வளவு?"

"எழுபத்திரண்டு."

தேற எழுபது வேண்டும். ஒரு கேள்விக்குப் பத்து.

ஏழாவது முகவரி மணப்பாட்டுக்குத் தெற்கே, கடலை ஒட்டிய ஒரு வலைத் தொழிற்சாலை. நான்கு மாடி. பேருந்தில் திரும்பும்போது, என்னோடு தேறியவர்களில் நான்கு பேரைத் தொலைபேசியில் அழைத்துப் பதினான்காம் தூணைப் பற்றிச் சொன்னேன். அக்கா மேல்முறையீடு பண்ணட்டும், முடிவு வந்ததும் பார்க்கலாம் என்றார்கள் இரண்டு பேர். நூற்று முப்பத்தொரு பேர் தப்பாக எழுதுவார்களா என்றார் ஒருவர். நான்காமவர் எடுக்கவில்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அக்காவிடம் சொல்வதா வேண்டாமா என்று நானே இரண்டு மணி நேரம் யோசித்தேன்.

சொன்னேன். பத்து மதிப்பெண் விஷயத்தையும் சொன்னேன். அக்கா ஆய்வுக்கூடத்தில் கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு, "மொதல்ல போய்ப் பாப்போம். பாக்காம எதையும் முடிவு பண்ணாண்டாம்" என்றார். மறுநாள் விடுப்பு எழுதிக் கொடுத்தார்.

காலை ஏழரைக்கே போய்ச் சேர்ந்தோம். கீழ்த்தளம் முழுக்கத் தூண்களும் வண்டி நிறுத்தமும். மேலே மூன்று மாடியிலும் பின்னல் இயந்திரங்கள். நூற்றுமுப்பது பெண்கள் வேலை செய்கிறார்கள் என்றார் மேலாளர் ஜோதிமுருகன். என் உரிம அட்டையைப் பார்த்ததும் மரியாதையாக நாற்காலி போடச் சொன்னார். அக்கா உட்காரவில்லை. கடல்பக்கமாகக் கடைசி வரிசைக்குப் போனார். பதினான்காம் தூண் புதிதாகப் பெயின்ட் அடித்து மற்றவற்றைவிட அழகாக இருந்தது.

பையிலிருந்து சின்னச் சுத்தியலை எடுத்துப் பக்கத்துத் தூணைத் தட்டினார். கணீரென்றது. பதினான்கைத் தட்டினார். வெறும் அட்டைப்பெட்டியைத் தட்டியது போல் இருந்தது. மேலிருந்து கீழ் வரை, நான்கு பக்கமும், சாணுக்குச் சாண் தட்டிக்கொண்டே போய், அட்டைப்பெட்டிச் சத்தம் கேட்ட இடத்தையெல்லாம் சாக்பீஸால் கோடு போட்டு வளைத்தார். கோடு தூணைச் சுற்றி வந்து முடிந்தபோது அதற்குள் அடங்காத இடம் ஒரு முழம்கூட இல்லை.

மணி எட்டு ஆகப் பத்து நிமிடம் இருந்தது. பெண்கள் வாசலுக்கு வரத் தொடங்கியிருந்தார்கள். அக்கா என்னிடம் வந்தார்.

"எனக்கு இதுல சந்தேகமே இல்ல தம்பி. ஆனா என் பேச்சுக்கு இங்க மதிப்புக் கெடையாது. கையெழுத்து உங்களோடது. போடச் சொல்லி நான் கேக்க மாட்டேன். நாலு வருசம் படிச்சிருக்கீங்க. நீங்க ஒருதடவ தட்டிப் பாத்துட்டுச் சொல்லுங்க."

சுத்தியலைக் கொடுத்தார். நான் தட்டினேன். மூன்றாவது தட்டில் பெயின்டோடு சேர்ந்து ஒரு சில்லு விழுந்தது. உள்ளே செம்பழுப்பாக மாவு போல ஏதோ உதிர்ந்தது.

தொலைபேசியில் உரிமக் கணக்கைத் திறந்து, ஏழாவது கட்டடம், தீர்ப்பு மாற்றம், காலி செய்ய வேண்டும் என்று பதிந்து விரல் வைத்தேன். மேலே அபாய மணி ஒலிக்கத் தொடங்கியது. இயந்திரங்களுக்கான மின்சாரத்தைத் துலாவே நிறுத்தியது. ஜோதிமுருகன் கோபமாக ஓடி வந்தார். அக்கா அவரைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகத் தூணுக்குக் கூட்டிப்போய், விழுந்த சில்லின் துவாரத்தில் அவர் விரலை விடச் சொன்னார். விரல் உள்ளே போன ஆழத்தை அவர் பார்த்தார். அதன்பின் அவரே வாசலில் நின்று பெண்களைத் திருப்பி அனுப்பினார்.

கட்டடம் அன்று விழவில்லை. அடுத்த நாளும் விழவில்லை. இரும்பு முட்டுக் கொடுத்த பிறகு தூணின் தோலை உரித்தார்கள். பெருவிரல் பருமன் இருந்திருக்க வேண்டிய கம்பிகள் பென்சில் போல இருந்தன. ஒன்றை அக்கா கையாலேயே ஒடித்தார். இன்னும் எத்தனை நாள் நின்றிருக்கும் என்று ஜோதிமுருகன் கேட்டதற்கு, "அது எனக்குத் தெரியாது சார். தெரிஞ்ச மாதிரி சொல்லவும் மாட்டேன்" என்றார்.

என் உரிமம் ரத்தான செய்தி முதல் நாள் நாங்கள் ஊர் திரும்பும் பேருந்திலேயே வந்துவிட்டது. மதிப்பெண் அறுபத்திரண்டு. உரிமம் ரத்தானவர்கள் மூன்று வருடம் மீண்டும் விண்ணப்பிக்க முடியாது. திரையை அக்காவிடம் காட்டினேன். படித்துவிட்டுத் தொலைபேசியை என் கையில் திருப்பிக் கொடுத்தார்.

"உங்களுக்கு ஆறுதல் சொல்ல எனக்குத் தெரியல தம்பி. ஒண்ணு மட்டும் சொல்லுதேன். ஒரே ஒரு கையெழுத்துதான் போட்டீங்க. நல்ல கையெழுத்து."

அவர் மேல்முறையீடும் தள்ளுபடியானது. அரசிதழ்ப்படி பெரும்பான்மை விடையே சரியான விடை, அது பின்னால் எப்படி ஆனாலும். அக்கா நான்காவது முறையாக விண்ணப்பம் எழுத உட்கார்ந்தார்.

தூணை இடித்துக் கட்டியபோது அதில் இரண்டடித் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி வந்து ஆய்வுக்கூடத்தின் முன்னறையில் வைத்தார். பக்கத்தில் அந்த ஆறு மாதச் சென்சார் அட்டவணையை மாட்டினார். தேர்வுக்குப் படிப்பவர்கள் ஒருவர் இருவராகப் பார்க்க வந்தார்கள். நாகர்கோவிலிலிருந்தும் தென்காசியிலிருந்தும் பேருந்து பிடித்து வந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் முதலில் அட்டவணையைக் கொடுத்து, தீர்ப்புச் சொல்லச் சொல்வார். அநேகமாக எல்லோரும் நிற்கலாம் என்பார்கள். பிறகு சுத்தியலைக் கொடுப்பார்.

என்னிடம் ஒரு யோசனை இருந்தது. "எல்லாரும் பேசி வச்சு ஒரே மாதிரி எழுதிட்டா, அதுதானேக்கா சரியான விடை? இங்க வர்றவங்ககிட்டச் சொல்லிவிடுவோமா?"

அக்காவுக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். "தேர்வுல இன்னொருத்தர் என்ன எழுதணும்னு நான் சொல்லுவேனா? அவங்கவங்க கண்ணுக்குப் பட்டத அவங்கவங்க எழுதட்டும். எல்லாரும் ஒரே மாதிரி எழுதிதான இந்தப் பில்லரு இங்க வந்து கெடக்கு?"

அதன்பின் நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. வந்தவர்கள் யாரிடமும் தேர்வில் என்ன எழுத வேண்டும் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பதற்கு நானே சாட்சி.

தேர்வு ஆனியில் நடந்தது. என்னை உள்ளே விடமாட்டார்கள். வாசலில் டீக்கடையில் காத்திருந்தேன். வெளியே வந்த அக்கா எப்போதும்போல இருந்தார். என்ன எழுதினீர்கள் என்று நான் கேட்கவில்லை.

முடிவு ஆறு வாரத்தில் வர வேண்டும். பத்து வாரம் ஆயிற்று. பிறகு இலட்சுமிகாந்தனே என்னை அழைத்தார்.

"அந்தம்மா உங்க கூட இருக்காங்களா? கூட்டிட்டு மதுரைக்கு வாங்க. போன்ல சொல்ற விஷயம் இல்ல."

போனோம். மேசைமேல் விடைத்தாள் கட்டு ஒன்று இருந்தது.

"உங்க மையத்துல நூத்தி ஐம்பத்திரண்டு பேர்" என்றார் அவர். "தொண்ணூத்தேழு பேர் பத்துக் கேள்விக்கும் மூணு கட்டத்துலயும் டிக் பண்ணல. காரணம் எழுதற இடத்துல, நேர்ல பார்க்காம சொல்ல முடியாதுன்னு எழுதியிருக்காங்க. ஒவ்வொருத்தரும் வேற வேற வார்த்தையில. ஆளுக்கு ஒரு காரணம். காப்பியடிச்சாங்களான்னு துலாவை விட்டுத் தேடினோம். இல்ல. வாரியம் மூணு தடவை கூடிப் பேசியாச்சு. செல்லாதுன்னு அறிவிக்கவும் வழியில்ல. அதிகம் பேர் எழுதினது எதுவோ அதுதான் சரியான விடை. அரசிதழ்."

அக்கா கைகளை மடியில் கோத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் வியப்பைத்தான் பார்த்தேன். அவருக்கும் அது புதுச் செய்தி.

"உங்க தாளையும் படிச்சேன்மா" என்றார் இலட்சுமிகாந்தன். குரல் மாறியிருந்தது. "பத்துக் கட்டடத்துக்கும், அங்க போனா முதல்ல எந்த இடத்தைப் பார்ப்பேன், எதுக்காகன்னு எழுதியிருக்கீங்க. நான் பதினெட்டு வருஷமா இந்தத் தாளைத் திருத்தற இடத்துல இருக்கேன். ஒரு கட்டடத்தையும் போய்ப் பார்த்ததில்ல." அவர் உரிம அட்டையை எடுத்து நீட்டினார். "நூத்துக்கு நூறு."

அக்கா எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். உறுதிமொழியைப் படிக்கும்போது நடுவில் ஒருதரம் நிறுத்தி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். அவர் கணக்கிலும் பத்து முகவரிகள் ஏறின. தீர்ப்பு என்ற இடத்தில் பார்க்கப்பட வேண்டும் என்று இருந்தது. இதற்கு முன்னால் துலாவில் அப்படியொரு சொல்லே கிடையாது. அந்த வாரம்தான் சேர்த்தார்களாம்.

"பத்தையும் பார்க்க எவ்வளவு நாள் ஆகும்?" என்று கேட்டார் இலட்சுமிகாந்தன்.

"ஒண்ணுக்கு ஒரு நாள் சார். கடலோரம்னா ரெண்டு நாள்" என்றார் அக்கா.

முதல் முகவரி காயல்பட்டினத்துக்கு அருகே ஒரு திருமண மண்டபம். சனிக்கிழமை காலை கிளாரன்ஸ் அண்ணன் எங்களை வண்டியில் கொண்டுபோய் விட்டார். நோட்டும் அளவு நாடாவும் என்னிடம் இருந்தன. வாசலில் காவலாளி ஈரத் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மண்டபம் பாக்க வந்தீங்களா? எந்த மாசம் கல்யாணம்?"

"கல்யாணம் இல்லண்ணே. இந்தக் கட்டடத்துக்கு நான் கையெழுத்துப் போடணும். அதுக்கு முன்னாடி பில்லரெல்லாம் பாக்கணும்."

அவர் துடைப்பதை நிறுத்திவிட்டு எங்களை மாறி மாறிப் பார்த்தார். "நான் இங்க இருவது வருசமா இருக்கேன். கையெழுத்துப் போட்டவங்கன்னு யாரும் வந்ததில்லியே."

"தெரியும்ணே" என்றார் அக்கா. செருப்பைப் படியோரமாக விட்டுவிட்டு, துடைத்த தரையில் தடம் பதியாமல் சுவரோரமாக நடந்து, முதல் தூணுக்குப் போனார்.